கங்கைக் கரையில் நிழலும் ஒளியும்

காமிராவால் எடுக்கும் படத்துக்கு நம் மொழியில் வழங்கிவரும் பெயர்களுள் ஒன்று 'நிழற்படம்' என்பது. ஒளியின் துணையால் உண்டாகும் ஒன்றை நிழல் என்று அழைப்பது முரணாகத் தோன்றலாம். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் பெயர், கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்து, 'ஒளியெழுத்து' என்றே பொருள்படுகின்றது. ஆயினும் நம் பெயரில் பிழை ஒன்றும் இல்லை. பழந்தமிழில் 'நிழல்' என்ற சொல் இருண்ட சாயையை மட்டும் குறிக்கவில்லை. நீரிலும் கண்ணாடியிலும் தோன்றும் பிம்பத்தையும் அது குறிக்கும், ஒளியையும் குறிக்கும். ஒரே சொல்லுக்குள் இருளும் ஒளியும் குடியிருக்கின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடைப்பது அரிது.

தெருவிலும் ஆற்றங்கரையிலும் நடமாடும் மக்களை, அவர்கள் இருக்கும் நிலையிலேயே, ஒளிக்கு எதிரே கரிய உருவங்களாகப் படம் பிடிக்கும் கலையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அந்தக் கலையை நான் கற்றுக்கொண்ட இடம் காசி மாநகரம். கற்றது ஒளியைப் பற்றி மட்டும் அன்று. நான் செய்த ஒரு பிழையும், அதிலிருந்து அறிந்துகொண்ட ஓர் உண்மையும் அதில் அடங்கும். அதைக் கடைசியில் கூறுகிறேன்.

முதலில், இந்தக் கரிய உருவம் எப்படி உண்டாகின்றது என்பதைப் பார்ப்போம்.

உங்களுள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். வீட்டுச் சன்னலின் முன்னே நண்பரை நிற்க வைத்துப் படம் எடுக்கிறோம். வெளியே நல்ல வெயில். படத்தைப் பார்த்தால் சன்னல் அழகாக விழுந்திருக்கின்றது. நண்பரோ கரிக்கட்டையாக நிற்கிறார். நம் கண்ணுக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்ததே, காமிராவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? காரணம் இதுதான். நம் கண் ஒரு காட்சியை ஒரே நேரத்தில் முழுவதும் காண்பதில்லை. வெளிச்சத்தைப் பார்க்கும்போது பாவை சுருங்குகின்றது. நிழலைப் பார்க்கும்போது விரிகின்றது. இவ்வாறு பகுதி பகுதியாகக் கண்டவற்றை மூளை ஒன்று சேர்த்து, 'எல்லாம் தெரிகின்றது' என்று நம்மை நம்ப வைக்கின்றது. காமிராவோ ஒரு முறை திறந்து மூடுகின்றது. அந்த ஒரு கணத்தில் உள்ளே நுழைந்த ஒளிதான் அதற்கு உலகம்.

ஒளியின் அளவைப் புகைப்படக்காரர்கள் 'படி' என்ற கணக்கில் அளப்பார்கள். ஒரு படி ஏறினால் ஒளி இரு மடங்கு. ஒரு படி இறங்கினால் பாதி. இரண்டு படி என்றால் நான்கு மடங்கு. மூன்று படி என்றால் எட்டு. இப்படியே போனால் ஏழு படிக்கு 128 மடங்கு வந்துவிடுகின்றது. ஒளிரும் வானத்துக்கும் அதன் முன்னே நிற்பவரின் நிழல் படிந்த முகத்துக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு இருப்பது அரிதன்று. சிலைடு பிலிம் ஐந்து அல்லது ஆறு படிகளுக்கு மேல் ஒரே படத்தில் விவரத்தோடு தாங்காது. ஆகவே வானத்துக்கு ஏற்ப ஒளியளவை அமைத்தால் மனிதர் கருத்துவிடுவார். மனிதருக்கு ஏற்ப அமைத்தால் வானம் வெளுத்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வானத்தைத் தேர்ந்தெடுத்து, மனிதரை அறிந்தே இருளில் விட்டால் கிடைப்பதுதான் நிழலுருவப் படம். அறியாமல் நேர்ந்தால் அது பிழை. அறிந்து செய்தால் அதுவே கலை.

இந்த வகை உருவத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயரிலும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியிடம் 1759-ஆம் ஆண்டில் சில மாதங்கள் நிதியமைச்சராக இருந்தவர் எத்தியென் த சிலூயெத் என்பவர். கடுமையான சிக்கனத்துக்கு அவர் பேர்போனவர். ஓவியரை அமர்த்தி வண்ணப் படம் எழுதிக்கொள்ள வசதியில்லாதவர்கள், கரிய காகிதத்தில் தம் முகத்தின் பக்கத்தோற்றத்தை வெட்டி வாங்கிக்கொள்வது அக்காலத்து வழக்கம். மலிவான அந்தக் காகித உருவத்துக்குச் சிக்கன அமைச்சரின் பெயரே நிலைத்துவிட்டது. ஒரு கோட்டுக்குள் ஒரு மனிதரை அடக்கிவிடலாம் என்பதைக் காமிரா பிறப்பதற்கு முன்பே மக்கள் அறிந்திருந்தார்கள்.

தெருவில் நிற்கும் மனிதர் முதன்முதலாகக் காமிராவில் அகப்பட்டதும் கரிய உருவமாகத்தான். 1838-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தின் அகன்ற வீதி ஒன்றைத் தம் வீட்டுச் சன்னலிலிருந்து படம் பிடித்தார் டாகேர். அன்றைய முறையில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். வண்டிகளும் குதிரைகளும் பாதசாரிகளும் அசைந்துகொண்டே இருந்தமையால் தகட்டில் சிறு தடமும் விடாமல் மறைந்துபோனார்கள். வீதியே வெறிச்சோடிக் கிடப்பது போல் படம் அமைந்தது. ஒரே ஒருவர் மட்டும், காலணிக்கு மெருகிட்டுக்கொள்வதற்காக ஓரிடத்தில் நின்றிருந்தார். அவர் நின்றதனால் பதிந்தார். பெயரோ முகமோ தெரியாத சிறு கரிய உருவம் அவர். நிழற்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதராக அவரையே இன்றும் சுட்டுகிறார்கள்.

பின்னர் காமிரா விரைவு பெற்றது. 1925-ஆம் ஆண்டில் கைக்கடக்கமான லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தபின், நடமாடும் மனிதரை நடமாட்டத்திலேயே பிடிக்க முடிந்தது. 1932-ஆம் ஆண்டில் பாரிஸில் சேன் லசார் என்னும் ரெயில் நிலையத்தின் பின்புறம், ஆன்றி கார்த்தியே-பிரெசோன் ஒரு வேலியின் இடைவெளி வழியாக எடுத்த படத்தை நீங்கள் புத்தகங்களில் பார்த்திருக்கலாம். தேங்கிய மழைநீரின்மேல் ஒருவர் தாவுகிறார். அவர் குதிகால் நீரைத் தொடுவதற்கு ஒரு நூலளவு முன்னர் காமிரா மூடிவிட்டது. அவர் முகம் தெரியவில்லை. கரிய உருவமும், நீரில் அதன் தலைகீழ்ப் பிம்பமும் மட்டுமே தெரிகின்றன. அவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அந்தத் தாவலையே பார்க்கிறோம். முகத்தை எடுத்துவிட்டால் செயல் மிகுந்து தோன்றும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனிக் காசிக்கு வருவோம்.

ஆற்றங்கரை நகரங்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆனால் ஒளிக்கு எதிரே மனிதரைக் காண்பதற்கென்றே இயற்கை அமைத்துக் கொடுத்தது போன்ற நகரம் காசி. கிழக்கும் தென்கிழக்குமாக ஓடிவரும் கங்கை அவ்வூரை அடையும்போது வடக்கு நோக்கித் திரும்புகின்றது. நகரம் முழுவதும் மேற்குக் கரையின் மேட்டில் அமைந்திருக்கின்றது. எதிரே கிழக்குக் கரையிலோ பெரிய கட்டடங்கள் இல்லாத தட்டையான மணற்பரப்பு. ஆண்டுதோறும் வெள்ளம் வந்து மூடும் இடம். ஆகவே படித்துறையில் நிற்பவருக்கும் உதிக்கும் சூரியனுக்கும் நடுவே நீரும் மணலும் தவிர வேறொன்றும் இல்லை. சூரியனை நோக்கி நீராட வேண்டும் என்ற வழக்கமும் இந்த நில அமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன.

தெற்கே அஸ்ஸி முதல் வடக்கே ராஜகாட் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு, எண்பதுக்கும் மேற்பட்ட படித்துறைகள் பிறைமதி போல் வளைந்து கிடக்கின்றன. அந்த வளைவையும் படம் எடுப்பவர் கவனிக்க வேண்டும். அஸ்ஸி முதல் தசாசுவமேத படித்துறை வரை கரை ஏறக்குறைய நேர் கிழக்கை நோக்குகின்றது. அதற்கு அப்பால் ஆறு வடகிழக்காக வளைவதால், மணிகர்ணிகை முதலிய துறைகள் தென்கிழக்கை நோக்குகின்றன. சூரியனும் ஓரிடத்திலேயே உதிப்பதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமஇரவு நாள்களில் நேர் கிழக்கே உதிக்கும் சூரியன், காசியின் அட்சரேகையில், டிசம்பர் இறுதியில் சுமார் 26 பாகை தெற்காகவும், ஜூன் இறுதியில் அதே அளவு வடக்காகவும் விலகி உதிக்கின்றது. மார்கழியில் சூரியனை நேரே காண விரும்புவோர் வடபகுதித் துறைகளுக்குச் செல்ல வேண்டும். பூகோளப் பாடம் இங்கே புகைப்படப் பாடமாகிவிடுகின்றது.

இன்னொரு வசதியும் உண்டு. இந்திய நாட்டின் பொதுநேரத்தைக் குறிக்கும் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை காசிக்குச் சற்று மேற்கே, மிர்சாப்பூர்ப் பக்கம் செல்கின்றது. ஆதலால் கடிகாரத்தின் நேரமும் சூரியனின் நேரமும் காசியில் பெரும்பாலும் ஒத்துப்போகும். சமஇரவு நாளில் காலை ஆறு மணியை ஒட்டிச் சூரியனை எதிர்பார்க்கலாம்.

சூரிய வட்டத்தின் விளிம்பு முதலில் தலைகாட்டுவது முதல் முழு வட்டமும் மேலே வருவது வரை அங்கே இரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாகவே ஆகும். பின்னர் பத்துப் பாகை உயரம் ஏற முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்குக் கிடைக்கும் செல்வம் அவ்வளவே. தாழ்ந்த சூரியனின் ஒளி காற்றுவெளியில் நெடுந்தூரம் பயணம் செய்து வருகின்றது. வழியில் நீல நிறம் சிதறிப்போக, செம்மையும் பொன்மையும் நம்மை அடைகின்றன. குளிர்காலமானால் சமவெளியின் மூடுபனியும், அடுப்புப் புகையும், தூசியும் சேர்ந்துகொள்ளும். அந்த நுண்துகள்கள் சூரிய ஒளியை முன்னோக்கிச் சிதறடிப்பதால், நமக்கு எதிரே உள்ள வெளி முழுவதும் வெண்கலத் திரை போல் ஒளிரும். அதன்மேல் அருகில் உள்ள படகு கரியதாகவும், அடுத்தது சாம்பல் நிறமாகவும், அதற்கும் அப்பால் உள்ளது புகைக்கோடாகவும் தெரியும். தொலைவை நிறத்தின் அடர்த்தியே அளந்து காட்டும்.

இனி, படம் எடுக்கும் முறை.

முதலாவது, ஒளியளவை வானத்துக்கு அமைக்க வேண்டும். காமிராவின் ஒளிமானி எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடும். காமிராவை ஒளிரும் வானத்தின்மேல் திருப்பி, சூரியனை விட்டுச் சற்று விலகிய இடத்தில் அளந்து, அந்த அளவை நிலைநிறுத்திக்கொண்டு, பிறகு மனிதர் பக்கம் திரும்ப வேண்டும். சூரியன் எழுந்து சிறிது உயர்ந்தபின், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, நொடியில் 250-இல் ஒரு பங்கு என்று தொடங்கி, ஒரு படி கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் காமிராவில் நீண்ட லென்ஸைப் பொருத்திச் சூரியனை உற்றுப் பார்க்கக்கூடாது. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல் அது கண்ணைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, வடிவம். நிழலுருவத்தில் முகபாவமும் உடையின் நிறமும் மறைந்துவிடுகின்றன. வெளிக்கோடு ஒன்றே மிஞ்சுகின்றது. ஆகவே இருவர் ஒட்டி நின்றால் ஒரே கரும்பாறையாகிவிடுவார்கள். அவர்களிடையே ஒரு கீற்று வெளிச்சமாவது தெரியும்வரை காத்திருக்க வேண்டும். நேர்முகத்தைவிடப் பக்கத்தோற்றம் நன்று. மூக்கும் உதடும் அப்போதுதான் தெரியும். நடப்பவராயின் இரு கால்களும் அகன்றிருக்கும் கணம் வேண்டும். நீராடுபவராயின் கைகள் உடலைவிட்டு விலகி நீரை ஏந்தும் கணம் வேண்டும்.

மூன்றாவது, நிற்கும் இடம். காசியின் படிகள் இதற்கு உதவுவது போல் வேறு எந்த இடமும் உதவியதில்லை. மேற்படியில் நின்று கீழே பார்த்தால் நீராடுபவர் நீரின் பின்னணியில் விழுவார். அந்த நீரில் சூரியனுக்கு நேராக ஒரு பொற்பாதை மின்னிக்கொண்டிருக்கும். சிற்றலை ஒவ்வொன்றும் சாய்ந்த ஒரு சிறு கண்ணாடி. தக்க சாய்வில் உள்ளவை மட்டும் கதிரை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அவை ஒன்றுசேர்ந்ததே அந்தப் பாதை. இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தால் பாதையும் நம்மோடு நகரும். நீராடுபவர் அதன் நடுவே வந்து நிற்பார். கீழ்ப்படிக்கு இறங்கி அமர்ந்து பார்த்தாலோ, அதே மனிதரின் தலையும் தோளும் எதிர்க்கரையின் கோட்டுக்கு மேலே எழுந்து வானத்தில் விழும். மனிதர் நகரவில்லை, நாம் பத்துப் படி இறங்கினோம், படம் வேறாகிவிட்டது.

நான்காவது, தொலைவு. படகோட்டியின் பின்னே பெரிய சூரியனைக் காட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. சூரியன் நம் கண்ணில் அரைப் பாகை அளவே இருக்கின்றது. அதன் தொலைவு அதன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 108 மடங்கு. ஆகவே 50 மில்லிமீட்டர் லென்ஸ் பிலிமில் தரும் சூரிய பிம்பம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 200 மில்லிமீட்டர் லென்ஸ் தருவது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மனிதர் சூரிய வட்டத்துக்குச் சம உயரமாகத் தோன்ற வேண்டுமானால், அவரும் தம் உயரத்தைப் போல் 108 மடங்கு தொலைவில், அதாவது சுமார் 180 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். அப்போது நீண்ட லென்ஸால் இருவரையும் ஒருங்கே அருகில் கொணரலாம். சூரியனை நாம் பெரிதாக்க முடியாது. மனிதரை விட்டு விலகிச் செல்லத்தான் முடியும்.

படித்துறைக்குப் பின்னே உள்ள சந்துகளையும் மறக்கலாகாது. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அளவு ஒடுங்கியவை அவை. ஆற்றை நோக்கி இறங்கும் சந்துகளில், காலையில் சிறிது நேரம் மட்டும், குழாய்க்குள் பாய்வது போல் வெயில் பாயும். சுவர்கள் இருண்டிருக்க, கடைசியில் ஒரு வெளிச்ச வாயில். அதில் குடமேந்திய ஒருவரின் உருவம். படச்சட்டத்தை வீடுகளே அமைத்துத் தந்துவிடுகின்றன. மாலையில் எல்லாம் தலைகீழாகும். சூரியன் நகரத்தின் பின்னே இறங்க, படித்துறைகள் நிழலில் மூழ்கும். அப்போது படகிலேறி ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால், கோபுரங்களும் மாடங்களும் கரைக் குடைகளும் செவ்வானத்தில் கரிய விளிம்பாக நிற்கும்.

காசியின் ஒளி திரைப்படக் கலைக்கும் ஒரு புதிய வழியைக் காட்டியது. சத்யஜித் ராய் எடுத்த 'அபராஜிதோ' 1956-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் வரும் காசி வீட்டின் முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் கட்டினார். வானத்திலிருந்து மட்டும் வெளிச்சம் இறங்கும் அத்தகைய முற்றத்தில் கூர்மையான நிழல் விழாது. விளக்குகளை நேரே வீசினால் அந்த மென்மை கெட்டுவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா முற்றத்தின் மேல் வெள்ளைத் துணியை விரித்து, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பி இறங்கச் செய்தார். நிழல் இல்லாத ஒளியும் ஓர் ஊரின் உண்மையாக இருக்கலாம் என்பதை அவர் கண்டார்.

இதற்கு எதிரான ஒரு கருத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கங்கையைப் பற்றி 1974-லும், காசியைப் பற்றி 1987-லும் படநூல்கள் வெளியிட்ட ரகுவீர் சிங், இந்திய வாழ்வை வண்ணத்திலேயே காண வேண்டும் என்ற கொள்கை உடையவர். குங்குமத்தையும் மஞ்சளையும் ஈரச் சேலையின் சிவப்பையும் கருமையில் கரைத்துவிட்டால் காசியில் என்ன மிஞ்சும் என்று அவர் வழி நிற்பவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நிழலுருவம் ஒன்றைக் காட்டுவதற்காகப் பலவற்றை மறைக்கின்றது. மறைத்தது எதற்காக என்று படம் எடுத்தவரால் சொல்ல முடிய வேண்டும்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு காலத்தில் மிக எளிதான விடை இருந்தது. 'முகம் தெரியாதபடி எடுக்கிறேன். ஆகவே யாருடைய அந்தரங்கத்திலும் நான் தலையிடவில்லை' என்பதே அது. காசியில் சுடலைத் துறைகளில் படம் எடுக்கலாகாது என்று அங்குள்ளோர் கேட்டுக்கொள்கிறார்கள். அதை நான் மீறியதில்லை. மற்றத் துறைகளிலோ, கரிய உருவம்தானே என்று தயக்கமின்றி எடுத்துவந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மாசி மாதத்தில், கேதார படித்துறை அருகே தங்கியிருந்தேன். தமிழ் நாட்டு யாத்திரிகர் பலர் வந்து தங்கும் பகுதி அது; குமரகுருபரர் நிறுவிய மடமும் அங்கேதான் இருக்கின்றது. ஒரு நாள் விடியற்காலையில், முழங்கால் நீரில் ஒருவர் தனியாக நின்று இரு கைகளாலும் நீரை அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். விரல்களின் இடையே வழிந்த நீர் பொற்கம்பியாக இறங்கியது. தலை குனிந்திருந்தது. முதுகு மட்டுமே என் பக்கம். எடுத்தேன். நான் எடுத்த படங்களுள் அதுவே சிறந்தது என்று நண்பர்கள் கூறினார்கள். எங்கள் ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில் அதை மாட்டினேன், பரிசும் கிடைத்தது.

மறு ஆண்டு காசிக்குச் சென்றபோது, எனக்கு வழக்கமாகப் படகோட்டும் பெரியவருக்குக் காட்டுவதற்காக அதன் பிரதி ஒன்றைக் கொண்டுபோனேன். அவர் துடுப்பை வைத்துவிட்டுப் படத்தைக் கையில் வாங்கினார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"இது என் சிற்றப்பா மகன், பாபுஜி" என்றார். "வலது தோள் தாழ்ந்திருக்கின்றது பாருங்கள். சிறு வயதில் படகு மோதி முறிந்த எலும்பு. அன்று என் சிற்றப்பாவுக்குப் பத்தாம் நாள்."

நான் வாயடைத்துப்போனேன். "முகமே தெரியவில்லையே, பையா" என்று மெல்லச் சொன்னேன். மூத்தவரை அண்ணன் என்ற பொருளில் அவ்வாறு அழைப்பது அவ்வூர் வழக்கம்.

"உங்களுக்குத் தெரியவில்லை" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அது என்னை மிகவும் சுட்டது.

அன்று மாலை அவரே என்னைத் தம்பியிடம் அழைத்துச் சென்றார். நடந்ததை மறைக்காமல் கூறி, மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிதர் படத்தை விளக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "என் முதுகை நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் முதுகு போலவே இருக்கின்றது" என்றார். பிறகு, "இதை நான் வைத்துக்கொள்கிறேன், பாபுஜி. அறியாதவர்கள் வீட்டுச் சுவரில் மட்டும் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். ஊர் திரும்பியதும் என்னிடம் இருந்த பிரதிகளைச் சுவரிலிருந்து இறக்கினேன். அந்தப் படத்தை அதன்பின் நான் எங்கும் காட்டவில்லை.

மாணவ அன்பர்களே, நிழலுருவம் மனிதரை மறைக்கின்றது என்று நான் எண்ணியிருந்தேன். அஃது அன்னியரிடமிருந்து மட்டுமே மறைக்கின்றது. அன்புடையவர்களுக்கு ஒரு தோளின் சாய்வே போதும். அவர்கள் முகத்தைக் கொண்டு மட்டும் நம்மை அறிவதில்லை. அந்தச் சாய்வை உண்மையாகப் பதிவு செய்யும் அளவுக்குப் படம் சிறந்ததாக இருந்தால், அதே அளவுக்குப் படம் எடுத்தவரின் பொறுப்பும் மிகுந்துவிடுகின்றது.

இந்தப் பொறுப்பு உங்கள் தலைமுறைக்கு இன்னும் பெரிது. இக்காலத்து நல்ல காமிராக்கள் பன்னிரண்டு, பதினான்கு படி ஒளி வேறுபாட்டைத் தாங்குகின்றன. கைப்பேசியோ பல படங்களை நொடிக்குள் எடுத்து ஒன்று சேர்த்து, இருண்ட முகத்தையும் தானாகவே வெளிச்சமாக்கிவிடுகின்றது. முற்காலத்தில் கருமை தற்செயலாகவும் வந்து சேர்ந்தது. இன்று நீங்கள் வேண்டுமென்றே தேர்ந்தால்தான் அது வரும். எதை இருளில் விடுவது, எதை ஒளியில் நிறுத்துவது என்று முடிவு செய்பவர் நீங்களே.

இதைப் பயில நீங்கள் காசிக்குப் போகவேண்டிய தேவையும் இல்லை. உங்கள் ஊர் ஆற்றங்கரையோ குளக்கரையோ போதும். காவிரி கிழக்கு நோக்கி ஓடுவதால், அதன் துறைகளில் சூரியன் நீரோட்டத்தின் திசையிலேயே எழுவான். நீங்கள் நிற்க வேண்டிய இடமும் அதற்கேற்ப மாறும். ஒரு வாரம் காமிரா இல்லாமல் சென்று, ஒளி எங்கே தொடங்கி எங்கே நகர்கின்றது என்பதை மட்டும் பாருங்கள். எட்டாம் நாள் காமிராவைக் கொண்டு செல்லுங்கள். அங்கே நாள்தோறும் வருகின்றவர்களோடு பேசுங்கள்; அவர்கள் மகிழ்ச்சியோடு வருகிறார்களா, துயரத்தோடு வருகிறார்களா என்று அறிந்துகொள்ளுங்கள். எடுத்த படத்தை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

நான் இப்போதும் காசிக்குப் போகிறேன், விடியற்காலையில் படியில் அமர்கிறேன், எடுக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் விரலை அழுத்துவதற்கு முன்னர், அந்தக் கரிய உருவத்தை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதை நினைத்துக்கொள்கிறேன். சில முறை விரல் அழுத்துகின்றது. சில முறை காமிராவை மடியில் வைத்துவிட்டு, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.